தங்கூசி வலையும் தலைமை விருந்தினரும்

ஆலங்குடாவில் முன்பு இறால் குஞ்சு பொரித்த கட்டடத்தில் இப்போது கலை பொரிக்கிறது. வெள்ளையடித்து, 'அலைவாய் சமகாலக் கைவினை மையம்' என்று பலகை மாட்டிய அன்றே பழைய சிமெந்துத் தொட்டிகளுக்குக் 'காட்சிக் குழிகள்' என்று பெயர் வந்துவிட்டது. பாசி மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் படைப்பு என்று நினைத்துப் படம் பிடித்தவர்கள் உண்டு.

ஷிஹாரா அங்கே 'சமூக ஒருங்கிணைப்பாளர்'. அதாவது சாவி அவளிடம்தான் இருக்கும், தேத்தண்ணி அவள்தான் ஊற்றுவாள், வருகிறவர்களுக்குக் கழிவறை எந்தப் பக்கம் என்று அவள்தான் காட்டுவாள்.

கண்காட்சித் திறப்பு பின்னேரம் நாலு மணிக்கு. மூன்று மணிக்கு, பணிப்பாளர் மிஸ் டொறத்தி கைபேசியை வைத்துவிட்டுச் சொன்னார்:

"தலைமை விருந்தினரா வாறதா இருந்த புரொபெசருக்குக் காய்ச்சலாம், வரமாட்டாராம். பரவாயில்ல, நான் வேற ஆள் பிடிச்சிட்டன். மீன்பிடி அதிகாரி யோகராசா. நுரைச்சோலையில ஏதோ கூட்டத்துக்கு வந்து நிக்கிறாராம். கடல் சம்பந்தமான கண்காட்சிதானே, பொருத்தமா இருக்கும்."

ஷிஹாரா கையிலிருந்த தட்டத்தை மெல்ல மேசையில் வைத்தாள். மண்டபத்தின் நடுவே, கூரையிலிருந்து நாற்பது அடி நீளத்துக்கு, அவளுடைய வீட்டு வலை தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது அதன் பெயர் 'காணாமையின் உடல்'. சிற்பி கஜமுகன், கொழும்பு. மூன்று கிழமைக்கு முன்பு கரைக்கு வந்து, உழைப்பின் வாசம் வீசுகிற வலை ஒன்று வேண்டும் என்று கேட்டார். ஷிஹாராவின் புருஷன் முஹ்ஸின் மறுபேச்சில்லாமல் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தான். கொடுத்தது தங்கூசி வலை. ஒற்றை இழை நைலோன். தண்ணீருக்குள் மீனின் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே தடை. போன வருசம் முஹ்ஸின் ஒருதரம் பிடிபட்டு எச்சரிக்கையோடு தப்பியிருந்தான். இன்னொருதரம் என்றால் படகின் உரிமம் பறிபோகும். படகில்லாவிட்டால் மூன்று பிள்ளைகளின் வாப்பாவிடம் மிஞ்சுவது நீச்சல் மட்டுந்தான். கரையில் மீனவர் வாடிகளில் ஒவ்வொன்றாகச் சோதனை நடக்கிற நாட்களில், வலையை ஒளிக்க ஆர்ட் மண்டபத்தைவிடத் தோதான இடம் இல்லை என்று அவன் நினைத்தான். நினைத்ததில் பிழையில்லை. புரொபெசருக்குக் காய்ச்சல் வரும் என்று அவன் கண்டானா?

கஜமுகன் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இத இறக்குங்க. கெதியா."

"என்னக்கா, இப்பத்தான் நிழல் சரியா விழுது."

"நிழல் கிடக்கட்டும். இது தங்கூசி. வாற ஆள் கண்டா கேஸ் போடுவாரு."

கஜமுகன் கண்களை மூடினார். பயந்துவிட்டார் என்று ஷிஹாராவுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது.

"தடை," என்றார் கஜமுகன், கண் திறவாமலே. "இதில என்னவோ குறையுதெண்டு மூண்டு கிழமையா மண்டையைப் போட்டு உடைச்சன் அக்கா. இதுதான் குறைஞ்சது."

இறங்கி வந்து புதிய அட்டை ஒன்றில் எழுதத் தொடங்கினார்: 'தடைசெய்யப்பட்ட வலை, ஒளி, மௌனம்.'

"நான் இறக்கச் சொன்னன். எழுதச் சொல்லல்ல."

"பயப்பிடாதேங்கோ. உங்கட பேர் வராது. பொருள் தாற ஆக்களின்ர பேரை நான் ஒருநாளும் போடுறேல்ல. அது பாக்கிறவையின்ர கவனத்தைக் குழப்பும்."

ஷிஹாரா மிஸ் டொறத்தியிடம் போனாள். நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது, நடுவில் வெறும் கூரையையா காட்டுவது என்று அவர் கேட்டார். புருஷனுக்குப் போன் எடுத்தாள். பத்து நிமிசத்தில் தேய்த்துக் கட்டிய சாரத்தோடு வந்து சுவரோரம் நின்றான் முஹ்ஸின்.

"வாயத் தொறக்காத," என்றான் முணுமுணுப்பாக. "நம்மட வலையெண்டு அதுலயா எழுதியிருக்கு? போனா வலை போகட்டும். போட் தப்பினாக் காணும்."

யோகராசா நாலேகாலுக்கு வந்தார். ரிப்பன் வெட்டினார். பன்புல்லில் பின்னிய பெட்டிகளைப் பார்த்தார், சிப்பி விளக்குகளைப் பார்த்தார், எல்லாவற்றுக்கும் ஒரே அளவில் தலையாட்டினார். வலைக்குக் கீழே வந்ததும் தலை நின்றது. அட்டையை வாசித்தார். கையை உயர்த்தி ஓர் இழையை நகத்தால் நெருடினார். விரல் இரண்டை ஒரு வலைக்கண்ணுக்குள் விட்டு அளந்தார்.

"ஆரின்ர வலை இது?"

"என்ர படைப்பு, சேர்."

"படைப்பைக் கேக்கேல்ல. வலை ஆரின்ர?"

கஜமுகனின் பார்வை சுவர்ப்பக்கம் போனது. முஹ்ஸினின் மேல் நின்றது. அந்த நேரம் பார்த்து இரண்டு கமெராக்கள் கஜமுகனின் முகத்துக்கு வந்தன.

"முழுக்க முழுக்க என்னுடையது," என்றார் அவர், கழுத்துச் சால்வையைச் சரிசெய்தபடி.

"அப்ப பேரைச் சொல்லும். அடையாள அட்டை இலக்கத்தையும்."

யோகராசா கொப்பியை எடுத்தார். கஜமுகன் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். அவருடைய வயதில் வேறெந்தச் சிற்பிக்கும் இப்படியொரு வழக்கு வாய்த்ததில்லை. ஷிஹாரா புருஷனைப் பார்த்தாள். வலை போயிற்று, படகு தப்பிற்று.

"இனி இதை இறக்குங்கோ. ஜீப்பில ஏத்தவேணும்."

கஜமுகனும் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். வலை விளக்கில் மாட்டியது. இன்னும் இழுத்தார்கள். மிதப்புக் கட்டைகள் ஈயக்குண்டுகளோடு சிக்கின. ஒருவர் கத்தரிக்கோல் கொண்டுவந்தார். முஹ்ஸினின் தாடை அசைவதை ஷிஹாரா கண்டாள். அவனுடைய சட்டை நுனியை எட்டிப் பிடித்தாள்.

"நில்லுங்க," என்றாள்.

சட்டை கையிலிருந்து நழுவியது.

"விடுங்க, விடுங்க. அப்பிடி இழுத்தா கண் பிஞ்சி போகும்."

முஹ்ஸின் கத்தரிக்கோலை ஒதுக்கினான். மிதப்புக் கயிற்றை இடது பக்கமும் ஈயக் கயிற்றை வலது பக்கமும் பிரித்தான். கைகளை விரித்துப் பாகம் பாகமாக அளந்து, ஒன்றின்மேல் ஒன்றாக, எந்த இருட்டிலும் சிக்காமல் கடலில் இறங்கும்படி மடித்தான். ஓரிடத்தில் கண் அறுந்திருந்தது. பேசாமல் குனிந்து முடிச்சுப் போட்டு, மிச்ச இழையைப் பல்லால் கடித்துத் துப்பினான். வலை போகப்போவது நீதிமன்றக் களஞ்சியத்துக்கு என்பது அவன் கைகளுக்குத் தெரியவில்லை.

"நிகழ்த்துகலை," என்று மிஸ் டொறத்தி பக்கத்திலிருந்தவரின் காதில் சொன்னார். "கஜமுகன் எங்களுக்குச் சொல்லவேயில்ல."

யாரோ கைதட்டினார்கள். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கஜமுகன் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டார்.

யோகராசா மட்டும் தட்டவில்லை. சத்தம் ஓயும்வரை காத்து நின்றார்.

"தம்பி, போட் நம்பர் என்ன?"

முஹ்ஸின் நிமிரவில்லை. மடிப்பைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டி முடித்தான். பிறகு நம்பரைச் சொன்னான். ஷிஹாரா சுவரில் சாய்ந்தாள்.

யோகராசா கொப்பியில் முதலில் எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, கீழே எழுதத் தொடங்கினார்.

கஜமுகன் எட்டிப் பார்த்தார்.

"சேர், என்ர பேரை ஏன் வெட்டுறீங்கள்?"