மாடிக்காரனைப் பார்க்கப் போனவள்

பதினோரு வருடமாகப் பூட்டிக் கிடந்த வீட்டின் மாடியறையில் ஒழுகும் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்தும் வரவில்லை, இறந்துபோன ஓர் இளைஞனின் உடம்பிலிருந்து வருகிறது என்பதைப் பிளம்பர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் கண்டுபிடித்தார். பக்கத்து அச்சகத்தில் சுவரோரமாக அடுக்கியிருந்த காகிதக் கட்டுகள் மூன்றாவது முறையாக நனைந்துபோனதால், அச்சகக்காரர்தான் எங்கிருந்தோ சாவியை வரவழைத்துத் திறந்துவிட்டிருந்தார். பிளம்பருக்கு முப்பது வருட அனுபவம். மேல்தொட்டி காலி, வால்வு மூடியிருக்கிறது, குழாய்கள் துருவேறிக் காய்ந்து கிடக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தபடி மாடியறைக்குள் போனவர், ஜன்னலோரம் நின்றிருந்தவனின் முழங்கையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதைக் கண்டார். முகத்தைப் பார்க்கவில்லை. குழாயென்றால் வாஷர் மாற்றலாம், இதற்கு நம்மிடம் சாமான் கிடையாது என்று அச்சகக்காரரிடம் சொல்லிவிட்டுப் பையைக் கட்டினார். கிளம்பும்போது முகம் கழுவும் தொட்டியின் மேல் மாட்டியிருந்த கையகலக் கண்ணாடி கண்ணில் பட்டது. சின்ன மகள் ஒரு வாரமாகக் கண்ணாடி கேட்டுக்கொண்டிருந்தாள். செத்தவனுக்குக் கண்ணாடி எதற்கு என்று எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அன்று சாயங்காலமே அவருக்கு இருமல் பிடித்தது. இருமும்போது வந்தது சளியல்ல, தண்ணீர். வியாழக்கிழமைக்குள் விரல் நுனிகளிலிருந்தும் சொட்ட ஆரம்பித்தது. பாய், தலையணை, சட்டை எதுவும் காயவில்லை. டாக்டர் எடுத்த எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பாதிக்கு மேல் ஏரித் தண்ணீர் நின்றது. இடது பக்கம் விரற்கடை அளவு மீன் ஒன்றும் தெரிந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சூடாகச் சாப்பிடச் சொன்னார். வெளியே வந்து மகளிடம் மட்டும், இப்படியே ஏறிக்கொண்டு போனால் பத்து நாள் தாங்குவது கஷ்டம் என்றார். வறண்ட வீட்டுக்குள் கட்டிலில் படுத்தபடியே ஒரு மனிதர் மூழ்கிக்கொண்டிருந்தார்.

பிளம்பருக்கு இரண்டு மகள்கள். மனைவி போய்ப் பல வருடமாகிறது. பெரியவள் கல்யாணமாகி அரை நாள் பஸ் பயணத் தொலைவில் இருந்தாள். சின்னவளுக்குப் பத்தொன்பது வயது. பல் செட் செய்யும் கூடத்தில் மெழுகில் ஈறு பிடிப்பது அவள் வேலை. ஒட்டிப்போன கன்னத்தையும் பல்லில்லாத வாயையும் முகம் சுளிக்காமல் பார்க்கத் தெரியாதவர்களால் அந்தக் கூடத்தில் ஒரு வாரம் நிற்க முடியாது. அவள் இரண்டு வருடமாக நின்றிருந்தாள். கண்ணாடி வந்த கதையை அப்பா இருமலுக்கு நடுவே சொன்னதும், மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த வீட்டு மாடி ஏறினாள்.

மாடிக்காரன் என்றுதான் தெருவில் அவனைச் சொல்வார்கள். இருபது வயதில் நண்பர்களிடம் பந்தயம் கட்டி ஏரியை நீந்திக் கடக்கப் போனவன். ஒன்பதாம் நாள்தான் உடம்பு கிடைத்தது. அடக்கம் முடிந்த மூன்றாம் நாள், தன் அறைக்கே திரும்பி வந்து நின்றான். ஒன்பது நாள் தண்ணீரில் கிடந்த முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஊதி, வெளுத்து, ஒரு கண்ணிமையை மீன் தின்றுவிட்டிருந்தது. பெற்ற அம்மா அவனைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு ஐந்து நாள் அந்த வீட்டில் எல்லோரும் தரையைப் பார்த்தே நடந்தார்கள், தரையைப் பார்த்தபடியே சாமான் கட்டினார்கள், ஆறாம் நாள் வண்டி ஏறிவிட்டார்கள். அன்றிலிருந்து அவனைப் பார்க்க அந்தக் கண்ணாடி ஒன்றுதான் இருந்தது.

அவள் கண்ணாடியை நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். அதில் ஜன்னல் தெரிந்தது, அவள் தோள் தெரிந்தது, அவன் தெரியவில்லை.

"வாசலைத் தாண்டினதும் என்னை மறந்திருச்சு போல," என்றான்.

"அப்ப எங்கப்பா கதி?"

"நான் அவரை ஒண்ணும் பண்ணலைங்க. என்னை யாராவது தெனம் பாத்தா இந்தத் தண்ணி என்கிட்டயே கெடக்கும். பாக்க ஆளில்லன்னா வேற ஒடம்பைத் தேடிப் போயிடும். அது என் பேச்சைக் கேக்காது."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். நெற்றி, இமையில்லாத கண், கிழிந்த உதடு, உடைந்த முன்பல் இரண்டு என்று, கூடத்துக்கு வருகிறவர்களைப் பார்ப்பது போலவே மேலிருந்து கீழாகப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஓர் ஆள் தன்னைப் பார்க்கும்போது கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் அதே நேரத்தில் பிளம்பர் ஒரு சொம்புத் தண்ணீரைக் கக்கிவிட்டு, பசிக்கிறது என்றார்.

அப்படித்தான் அவள் தினமும் ஒரு மணிக்குப் போய் இரண்டு மணிக்குத் திரும்பத் தொடங்கினாள். முதல் மாதம் கடிகாரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் மாதம் சாப்பாட்டையும் அங்கேயே கொண்டுபோனாள். அவனால் சாப்பிட முடியாது, ஆனால் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வான். ஜன்னல் வழியாகப் பதினோரு வருடம் தெருவைப் பார்த்ததில் எல்லோருடைய நடையும் அவனுக்கு அத்துப்படி. அச்சகக்காரர் மனைவியோடு சண்டை போட்ட நாளில் மட்டும் குடையை இடது கையில் பிடிப்பார் என்பான். சின்னப் பிள்ளையாக அவள் பள்ளிக்கூடம் போகும்போது ஒரு காலுறை எப்போதும் கணுக்காலில் சுருண்டு கிடக்கும் என்பதையும் சொன்னான். அவள் சிரித்தாள். சிரித்ததை அன்று வேலைக்குத் திரும்பும் வழியில்தான் உணர்ந்தாள், உணர்ந்ததும் பயம் வந்தது.

மூன்றாம் மாதம் அவன் முன்பல்லுக்கு அச்சு எடுக்கிறேன் என்று கூடத்திலிருந்து மாவு கொண்டுபோனாள். ஆறிப்போன அந்த வாய்க்குள் விரலை வைத்து, மாவு இறுகக் காத்திருந்தாள். பதினோரு நாள் முயன்றும் ஈரத்தில் மாவு இறுகவில்லை. ஐந்தாம் நாளிலேயே இது இறுகாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மீதி ஆறு நாளும் அவள் விரலை எடுக்கவில்லை, அவனும் வாயை மூடவில்லை. இரண்டு மணி அடிக்கும்போது அவன் தினமும் ஒன்று கேட்பான்.

"இங்கேயே இருந்துடறியா?"

"மாட்டேன்," என்பாள்.

"சரி, சும்மா கேட்டேன்," என்பான்.

இதற்குள் அவள் தலைமுடி காய்வதை நிறுத்தியிருந்தது. கை ஈரத்தால் மெழுகு வழுக்கியது. கூடத்து முதலாளி நல்ல மனிதர், மூன்று செட் வீணாகும்வரை பொறுத்துவிட்டு, நாலாவதில் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார். கல்யாணப் பேச்சு எடுத்து வந்தவர்கள் அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனவர்கள்தான். பிளம்பர் தேறி வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். தன் மூச்சு எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியும். மகள் கிளம்பும்போதெல்லாம் துண்டை எடுத்துக் கொடுப்பார். அக்கா நிறைமாத வயிற்றோடு போனில் கத்தினாள். "செத்தவனுக்கு வாழ்க்கப்படப் போறியாடி? உன் வயசு என்ன, உனக்கு வந்த விதி என்ன?" சின்னவள் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் போகாவிட்டால் அப்பா மூழ்குவார் என்பதற்காகத்தான் போகிறோம் என்று அவளால் இனி சொல்ல முடியவில்லை.

அக்காவுக்கு வலி கண்ட செய்தி வந்தபோது உடன் இருக்க வேறு பெண் துணை இல்லை. அவள் மாடிக்குப் போய்ச் சொன்னாள்.

"போயிட்டு வா," என்றான்.

"அப்பாவுக்கு ஏறிடுமே."

"ஏறாது. நான் ஜன்னலைத் தெறந்து வெச்சுக்கறேன். வெயில்ல நின்னா தண்ணி காத்தோட போயிடும், அவரைத் தேடாது. ஏழு நாள் தாங்குவேன்."

"எட்டாவது நாள்?"

"அதுக்குள்ள நீதான் வந்துடுவியே."

வெயிலில் தண்ணீர் போனால் தண்ணீரோடு அவனும் போவான் என்பது அவளுக்குப் புரியாமலில்லை. ஏழாம் நாள் மதியம் ஒரு மணி என்று அவன் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பெண் குழந்தை. சுகப்பிரசவம். ஆறாம் நாள் அவள் பையை எடுத்தபோது அக்காவுக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் குழந்தை பால் குடிக்கவில்லை. எட்டாம் நாள் அக்கா அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகை மட்டும் பொய்யில்லை. ஒன்பதாம் நாள் தெர்மாமீட்டரை வெந்நீரில் முக்கிக்கொண்டிருந்த அக்காவைக் கையும் களவுமாகப் பிடித்தாள்.

"நீ பொழைக்கணும்னுதான் பண்ணேன். இன்னும் ரெண்டு நாள் விட்டா அவன் தானா போயிடுவான்," என்றாள் அக்கா.

சின்னவள் செருப்பைக்கூடத் தேடாமல் பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

பத்தாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் வந்து சேர்ந்தபோது அச்சகத்தின் சுவர் பதினோரு வருடத்தில் முதல் தடவையாகக் காய்ந்திருந்தது. மாடியறையில் அவன் இல்லை. ஜன்னலுக்குக் கீழே தரையில் ஆள் வடிவத்தில் ஓர் ஈரத்தடம் கிடந்தது. கால்கள் ஏற்கெனவே காய்ந்துபோயிருந்தன. அவள் ஜன்னல்களை அடித்துச் சாத்தினாள், இடுக்குகளில் துணியைத் திணித்தாள். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கிவந்து ஊற்றினாள். அந்தத் தண்ணீர் ஈரத்தடத்தில் ஒட்டாமல் உருண்டு மூலைக்குப் போனது. பேர் சொல்லிக் கூப்பிட்டாள், திட்டினாள், ஏழு நாள் தாங்குவேன் என்றாயே என்று தரையை அடித்தாள். மூன்று நாள் தாமதம் தன்னுடையது என்பது அடிக்கும்போதே ஞாபகம் வந்தது. தடத்தில் வயிறு காய்ந்து மறைந்தது. தோள்கள் போயின. கடைசியில் முகம் இருந்த இடத்தில் உள்ளங்கை அகலம் மிஞ்சியது.

இந்தத் தண்ணீர் வேறு உடம்பைத் தேடிப் போகும் என்று அவன் சொன்னதை அவள் அப்போதுதான் சரியாகக் கேட்டாள். குப்புறப் படுத்து, அந்த உள்ளங்கை அகலத்தின் மேல் வாயை வைத்தாள்.

"என்கிட்ட வா. நான் எங்கயும் போகல. இங்கேயே இருந்துடறேன்," என்றாள்.

பன்னிரண்டே முக்காலிலிருந்து மூன்று இருபதுவரை அவள் அந்த வறண்ட தரையில் மூழ்கினாள். அப்பாவின் நெஞ்சில் பாதிக்கு நின்றது அவளுக்குக் கழுத்துவரை ஏறியது. காதுக்குள் ஏரி இரைந்தது. கையைக் காலை உதறினாள், ஆனால் வாயை எடுக்கவில்லை. விஷயம் தெரிந்து பிளம்பர் ஓடிவந்து பார்த்தபோது அவள் அசையாமல் கிடந்தாள், உடுப்பிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சுமாரான முகமுள்ள ஓர் இளைஞன், முழுக்கக் காய்ந்த தலையோடு, இமைகள் இரண்டும் சரியாக இருக்க, அவளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு மூச்சு வாங்கி வாங்கி அழுதான். அவன் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்தான். நாலு மணிவாக்கில் அவள் கண் திறந்தாள்.

அவள் இறந்தாளா என்பதில் ஊரில் இரண்டு கருத்து உண்டு. டாக்டர் இரண்டு தடவை நாடி பார்த்து இல்லை என்றார், மூன்றாம் தடவை இருக்கிறது என்றார், சீட்டில் இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் குமாஸ்தா, மாப்பிள்ளைக்கு இறந்த தேதி இருக்கிறதே என்று கேட்டார். அது பழைய தேதிதானே என்று பிளம்பர் சொன்னதும் ஒத்துக்கொண்டு பதிந்துகொண்டார். அவன் அச்சகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தான். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, சாயங்காலம் விட்டு வந்ததும் ஒரு தடவை என்று அவளைப் பார்த்தான். அவள் மாடியறையை விட்டு இறங்கவில்லை, இறங்கினால் தெருவில் யார் நெஞ்சில் ஏறுமோ என்ற பயம். பிளம்பர் அறையின் தரையைப் பெயர்த்துச் சரிவு கொடுத்து, கட்டிலடியிலிருந்து வடிகால் போட்டுத் தெருச் சாக்கடையில் சேர்த்துவிட்டார். அதற்குப் பிறகு காகிதம் நனையவில்லை என்பதால் அச்சகக்காரருக்கும் புகார் இல்லை.

அக்கா ஐந்து வருடம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை. ஆறாம் வருடம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். படியில் தரையைப் பார்த்தபடி ஏறினாள், வாசலில் நெடுநேரம் தரையைப் பார்த்தபடி நின்றாள். உள்ளே சொட்டும் சத்தம் கேட்டது. குழந்தை முதலில் எட்டிப் பார்த்து, சித்தி என்றது. பிறகு அக்கா தலையைத் தூக்கினாள். வெளுத்துப்போன நெற்றி, ஊறிச் சுருங்கிய விரல்கள், தோளில் வழியும் முடி எல்லாவற்றையும் பார்த்தாள். பார்த்து முடிக்க நேரமாயிற்று.

"இப்படியா ஈரத் தலையோட உக்காந்திருப்பே," என்றாள். கொடியிலிருந்த துண்டை எடுத்து, தங்கையைத் தன் முன்னால் உட்கார வைத்து, தலையைத் துவட்டத் தொடங்கினாள். அரை மணி நேரம் துவட்டினாள். துண்டைப் பிழிந்தாள், மறுபடி துவட்டினாள். முடி காயவில்லை. காயாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.