பெவின் இழுத்த கயிறு

சிவப்பிரகாஷ் எழுதிவந்த தொடரின் முதல் நான்கு அத்தியாயங்களில் அதிசயம் என்று எதுவுமே கிடையாது. தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ஒருவன், மற்றவர்களைவிட ஒரு நிமிடம் கூடுதலாக மூச்சடக்குவான், அவ்வளவுதான். ஐந்தாவதில் கடலடி இருட்டு அவன் கண்ணுக்கு வெளிச்சமானது. எட்டாவதில் பாறைத் திட்டுக்கு அடியில் ஒரு வாசல் திறந்தது. மாய உலகத்தை எடுத்த எடுப்பில் கொட்டக்கூடாது, முதலில் வாசகனின் கால் நனைய வேண்டும், பிறகு முழங்கால், அதற்கப்புறம்தான் முங்க வைக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. கப்பல் ஏஜென்சி வேலை போக மிஞ்சிய நேரத்தில் கைப்பேசிச் செயலியில் எழுதினான். நாற்பதாயிரம் பேர் படித்தார்கள்.

பதினோராவது அத்தியாயத்தில் நாயகனின் முழுச் சக்தி வெளிப்பட்டது. கடலில் செத்தவர்கள் கடைசியாகச் சொல்ல நினைத்தது, கயிறு வழியே அவனுக்குக் கேட்கும். அவனுடைய அண்ணன் காற்றுக்குழாய் மடங்கி, மேலே தூக்கச் சொல்லிக் கீழேயிருந்து மூன்று முறை கயிற்றை இழுத்தான். வள்ளத்தில் இருந்த தம்பியான நாயகனோ, சங்கு கிடைத்த குஷியில் இழுக்கிறான் என்று சிரித்துக்கொண்டிருந்துவிட்டான். அந்தக் குற்றத்தில் பிறந்த சக்தி அது.

அந்தக் கயிறு கற்பனையில்லை. பள்ளித்தோழன் செல்வின், கடலடியில் செத்துப்போன தன் அண்ணன் பெவினின் வருஷப் பூசை முடிந்த மதியம் தெரேஸ்புரம் கரையில் உட்கார்ந்து சொன்னது. "யார்ட்டயும் சொல்லிராதல" என்றும் சொல்லியிருந்தான்.

அத்தியாயம் வெளியான நான்காம் நாள், பெவினின் மனைவி ரீனா ஏஜென்சி வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, மூணு வாட்டி இழுத்தாவன்னு போட்டிருக்கிய. அது கதையா, நெசமா?"

"கதைதாம்மா."

"கயித்த மணிக்கட்டுல சுத்திப் பிடிச்சு இழுப்பாருன்னும் போட்டிருக்கிய. அது எங்க வீட்டு ஆளுக்குள்ள பழக்கம்." அவள் குரல் உயரவில்லை. "கயிறு ஆடவே இல்லன்னுதான் கொழுந்தன் எல்லார்ட்டயும் சொன்னாவ."

அவள் படியிறங்கிப் போனதும் சிவப்பிரகாஷ் முதல் வேலையாக அந்த அத்தியாயத்தை அழித்தான். அழித்த பிறகுதான், அது ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று உறைத்தது.

சாயங்காலம் செல்வினைத் தேடிப் போனான். அவன் வள்ளத்தில் காற்றுக்குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சிவப்பிரகாஷ் ஒன்றுவிடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டான். அடிப்பான் என்று எதிர்பார்த்தான்.

"நானும் படிச்சேன்" என்றான் செல்வின். "நான் சிரிச்சேன்னு எழுதியிருக்க. ஒன்ட்ட நான் அத சொல்லலியே."

"சொல்லல. கதைக்காக நானா சேத்தேன்."

செல்வின் குழாயைக் கீழே வைத்தான். "சிரிக்கத்தாம்ல செஞ்சேன்."

இருவரும் ஒன்றாகவே ரீனாவின் வீட்டுக்கு நடந்தார்கள். செல்வின் மட்டும் உள்ளே போனான். தெருவில் நின்ற சிவப்பிரகாஷுக்கு, "மைனி" என்று அவன் தொடங்கியது மட்டும் கேட்டது. பிறகு ரீனாவின் ஒரே கேள்வி: "மூணாவது இழுப்புக்கப்புறம் எவ்வளவு நேரங்கழிச்சுத் தூக்குனிய?" செல்வின் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. அவன் சிவப்பிரகாஷைப் பார்க்காமலே போய்விட்டான்.

ஐந்து மாதம் கழித்து, மகள் கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ரீனா கொழுந்தனைக் கூப்பிட்டு அனுப்பினாள் என்று சிவப்பிரகாஷ் கேள்விப்பட்டான். அவனுக்கு அழைப்பில்லை. செல்வின் இன்றுவரை அவனிடம் பேசவில்லை.

பதினோராவதை அழித்ததோடு சிவப்பிரகாஷ் தொடரையே நிறுத்திவிட்டான். கடலடி வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று இன்னமும் யாராவது கேட்கிறார்கள். அவன் பதில் போடுவதில்லை. நட்பைக் காட்டிக்கொடுத்ததற்கு அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். ஆனால் அந்தச் சிரிப்பை எழுதி முடித்த அன்று, கதைக்கு நல்ல இடம் கிடைத்தது என்று தனக்கு எத்தனை சந்தோஷமாக இருந்தது என்பதை மட்டும் அவனால் எவரிடமும் சொல்ல முடியவில்லை.