தகராறு என்று நான் குறித்த செய்தி

மார்ச் 12, செவ்வாய்

இன்று வகுப்பில் ஒரு சின்னத் தவறு செய்தேன். எங்கள் குடியிருப்பின் கைபேசிக் குழுவில் நான் நிறுத்திவைத்த செய்திகளில் அவசியமானது ஒன்றுகூட இல்லை என்று சொன்னேன். அவற்றை நான் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. சொன்னால் நன்றாக இருக்கும் போலிருந்தது, சொல்லிவிட்டேன்.

மாலை வகுப்பில் நாங்கள் பொது நிர்வாகம் படிக்கிறோம். இந்த மாதக் கட்டுரை, சமூக ஊடகம் மக்களை இரண்டாகப் பிரிக்கிறதா, அதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்பது. முதலில் எழுதிக் கொடுத்த என் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் போட்டு, ஆசிரியை அதை உரக்கப் படிக்கச் சொன்னார். வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன், எங்கள் குழுவை உதாரணமாகக் காட்டி. தேர்தல் அறிவித்ததிலிருந்து அந்தக் குழு நாறிக் கிடந்தது. தண்ணீர் வராது என்று அறிவிப்புப் போட்டால், அதன் கீழே நாற்காலிக் கட்சிக்காரர் ஒருவர், "குடைக்காரங்க கவிழ்த்துப் பிடிச்சு மழைத்தண்ணியைச் சேர்த்துக்கட்டும்" என்பார். குடைக் கட்சிக்காரர், "நாற்காலிக்காரங்களுக்கு எழுந்து போய்க் குழாயைத் திறக்கவே சோம்பல்" என்பார். அங்கிருந்து அப்பன் பாட்டன் வரை போகும். செயலாளர் வெறுத்துப்போய், "படிக்கிற பொண்ணு நீ, நீயே பார்த்துக்க" என்று பொறுப்பை என்னிடம் தள்ளிவிட்டார். அன்றிலிருந்து யார் எதை அனுப்பினாலும் முதலில் எனக்கு வரும். நான் அனுமதித்தால்தான் குழுவில் ஏறும். அறிவிப்பு, கேள்வி, தகராறு என்று மூன்றாகப் பிரித்தேன். முதல் இரண்டும் ஏறும், மூன்றாவது நிற்கும். பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவளுக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை.

படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து பேக்கரிக்காரர் கேட்டார்.

"அப்போ அந்தக் கட்டடத்துக்கு நீங்கதான் அரசாங்கம்னு சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள்.

"சரி, அரசாங்கம் எந்தக் கட்சி?"

"எந்தக் கட்சியும் இல்லங்க" என்றேன்.

எங்கள் வீடு குடை வீடு. அக்காவும் அத்தானும் குடை, அவர்களோடு இருக்கிற நானும் குடை.

"இவங்க நல்லவங்க, சரி" என்றார் எனக்குப் பக்கத்தில் உட்காரும் நர்ஸ் அக்கா. "நாளைக்கு ஒரு மந்திரி கையில கத்தரிக்கோலைக் குடுத்தா முதல்ல என் நாக்கைத்தான் வெட்டுவான். ஆனா யாரும் வெட்டாம விட்டாலும் எங்க வார்டுல நோயாளிங்களே ஆளுக்கு ஆள் அடிச்சுக்குறாங்க. நான் என்ன எழுதட்டும்?"

"ரெண்டையும் எழுதுங்க" என்றார் ஆசிரியை. பிறகு என்னிடம், "நிறுத்திவெச்ச செய்திங்களை அடுத்த வகுப்புக்குக் கொண்டு வாங்க. பேரை மறைச்சிடுங்க. எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்றார்.

அப்போதுதான் அந்தத் தவறான வாக்கியத்தைச் சொன்னேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் செய்திகளைத் திறந்தேன். பாதிக்கு மேல் குப்பைதான், அதில் எனக்கு நிம்மதி. பிறகு வேன் அண்ணனின் பெயர் வந்தது. மூன்றாம் மாடியில் இருக்கிறார். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது அவர் வண்டிதான். பிள்ளைகளை நம்பியே கடன் வாங்கி வாங்கிய வண்டி. அவர் நாற்காலிக் கட்சி என்பது ஊரறிந்த விஷயம்.

போன வாரம் அத்தான் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். வேன் அண்ணன் வாசலில் நின்று குடைக் கட்சிச் சுவரொட்டியைக் கிழிக்கிறார், அவ்வளவுதான் அதில் இருந்தது. கீழே அத்தான், "நம் பிள்ளைகள் இவருடைய வண்டியில்தான் போகிறார்கள். பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது" என்று எழுதியிருந்தார். கட்சிப் பெயர் இல்லை, வசவு இல்லை. அறிவிப்பு என்று குறித்து ஏற்றிவிட்டேன். அன்று மாலையே ஒரு வீடு பிள்ளையை அந்த வண்டியிலிருந்து நிறுத்தியது. மறுநாள் இன்னும் இரண்டு வீடு. அதற்குப் பிறகு அக்காவும் தன் மகளை, எங்கள் குட்டியை, நிறுத்திவிட்டாள். நான் குட்டியைக் கையைப் பிடித்து அந்த வண்டியைத் தாண்டி நடத்திப் போனேன். "சித்தி, அங்கிள் டாட்டா காட்றாங்க" என்றாள் குட்டி. "வேகமா நட" என்றேன்.

வேன் அண்ணன் அனுப்பிய பதில் இது:

"அந்த போஸ்டரை வாசல் திருப்பத்து வட்டக் கண்ணாடி மேலயே ஒட்டியிருந்தாங்க. வண்டியைப் பின்னால எடுக்கும்போது பிள்ளைங்க நிக்கிறது அதுல தெரியல. அதனாலதான் கிழிச்சேன். போன மாசம் அதே இடத்துல நாற்காலி போஸ்டரையும் நான்தான் கிழிச்சேன், அதை யாரும் படம் பிடிக்கல. இப்போ பிடிச்சவர் கண்ணாடியை விட்டுட்டு என் மூஞ்சியை மட்டும் பிடிச்சிருக்கார். குடைக்குள்ள பதுங்கிக்கிட்டுக் கல்லெறியிறது அவருக்கும் அவர் கட்சிக்கும் கைவந்த கலை."

கடைசி வரி என் விதிப்படி தகராறுதான். ஆனால் நான் கடைசி வரி வரை போகவே இல்லை. பெயரைப் பார்த்தேன், தகராறு என்று குறித்தேன். கூடத்தில் பெயரை மட்டும் பார்த்துக் குழாயில் சீட்டு ஒட்டினால் வேலை போய்விடும். பிறந்த தேதியையும் கேட்டுத்தான் ஒட்டுவேன்.

மறுநாள் அவர் அனுப்பியது: "என் செய்தி ஏறலைம்மா. கொஞ்சம் பாருங்க." அதையும் திறக்கவில்லை. அதற்கும் மறுநாள் ஒரே சொல்: "நன்றி."

பேருந்தில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனாலும் திருப்பிக்கொண்டேன்.

மார்ச் 13, புதன்

வேலைக்குப் போகும்போது வாசல் திருப்பத்தில் நின்று கண்ணாடியைப் பார்த்தேன். ஓரத்தில் இன்னும் பசை காய்ந்து ஒட்டியிருக்கிறது. தினமும் இதைக் கடந்துதான் போகிறேன்.

சாயங்காலம் வேன் அண்ணன் வண்டி இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"அண்ணே."

"அடடே, அட்மின் மேடமா! அனுமதி வாங்காம வண்டி துடைச்சிட்டேனா?"

நேற்றுத்தான் அவருடைய செய்தியைப் படித்தேன், படிக்காமலே நிறுத்திவிட்டேன், தப்பு என்னுடையது என்று சொன்னேன். நிறைய ஒத்திகை பார்த்திருந்தேன். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினேன். அவர் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார்.

"படிக்கவே இல்லியா?"

"இல்லண்ணே."

"நான் வேற, படிச்சிட்டுப் பிடிக்காமத்தான் போடலைன்னு நினைச்சேன். அதுவே தேவலையா இருந்துச்சு."

அவரே தொடர்ந்தார்.

"பொய் சொல்ல மாட்டேன். நாற்காலி போஸ்டரைக் கிழிக்கும்போது வேலைன்னு கிழிச்சேன். குடையைக் கிழிக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. உங்க அத்தான் அந்தச் சிரிப்பைத்தான் பிடிச்சிட்டாரு."

"இப்போ போட்டுடறேண்ணே. கடைசி வரியை மட்டும் எடுத்துட்டா..."

"அதை எதுக்கு எடுக்கணும்?"

"அது அத்தானைத் திட்டுற மாதிரி இருக்கு."

"திட்டுற மாதிரி இல்லம்மா, திட்டுதான்." அவர் துணியை வாளியில் போட்டார். "வண்டி காலியாக் கிடக்குது. நாளைக்கு சாயங்காலம் பெத்தவங்க எல்லாம் கூட்டம் போட்டு வேற வேனுக்கு முன்பணம் குடுக்கப் போறாங்களாம். குடுத்துட்டா நான் இந்த வண்டியை வித்துட வேண்டியதுதான். இதுல நான் மரியாதையா வேற பேசணுமா? போட்டா முழுசாப் போடு. வெட்டினா அது உன் செய்தி, என்னோடது இல்ல."

வீட்டில் அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்த கைபேசியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. வேன் அண்ணன் பதில் அனுப்பியிருந்ததையும், கண்ணாடியைப் பற்றியும் சொன்னேன்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? அவர் கிழிச்சாரா இல்லியா?"

"கிழிச்சாரு."

"அப்புறம் என்ன?"

"கண்ணாடியையும் காட்டியிருக்கலாம்ல, அத்தான்."

"நான் என்ன சினிமாவா எடுக்கிறேன்?" என்றவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லாமல்தான் பேசினார். "இங்க பாரு, நான் அனுப்பினேன், அவ்வளவுதான். ஏத்திவிட்டது நீ."

அக்கா குழம்பு ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள்.

"அவரோட பதில்ல என்னங்க இருக்கு?" என்று அத்தானைக் கேட்டாள், அவருக்குத் தெரியும் என்பதுபோல. அவருக்குத் தெரியாது. கைபேசியை அக்காவிடம் நீட்டினேன். அவள் நின்றபடியே முழுவதும் படித்தாள். கடைசி வரியில் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள்.

"இதைப் போட்டா இந்தாளு ஒரு மாசத்துக்கு என்கிட்டப் பேச மாட்டாரு" என்றாள். "பாதிப் பேர் உன்னை நாற்காலிம்பாங்க. மீதிப் பேர், இவ்வளவு நாள் ஏன் அமுக்கி வெச்சேன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்க்கா."

"போடாதேன்னு நான் சொல்லல. ஆனா குட்டியை அந்த வண்டியில இருந்து நிறுத்தினவ நானு. அந்த மனுஷன் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

அத்தான் தட்டை எடுத்துக்கொண்டு போனார். குழாய் வெகுநேரம் ஓடியது.

கட்டுரையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். விதிகள் வேண்டும் என்ற பகுதியை அடிக்க மனம் வரவில்லை. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். குழுவைத் திறந்துவிட்டால் நாளைக்கே பழைய நாற்றம் திரும்பிவிடும். ஆனால் விதியைக் கையில் வைத்திருக்கிறவள் எதை, ஏன் நிறுத்தினாள் என்பதை மற்றவர்கள் பார்க்கவே முடியாமல் வைத்திருந்தது நான்தான். முதலில் அடித்தவரின் பேச்சை அறிவிப்பு ஆக்கிவிட்டு, தடுக்கக் கை தூக்கியவரைத் தகராறு ஆக்கினேன். அதைப் பாரபட்சமின்மை என்று பெருமையாக எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டேன். இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது என்று இன்னும் தெரியவில்லை.

இன்றே போட்டிருக்கலாம். எழுதி எழுதி அழித்தேன். என்னைப் பற்றிய வரிகள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அழகாக வந்துகொண்டே இருந்தன. அது சரியில்லை.

நாளை காலை, பெற்றோர்கள் பிள்ளைகளோடு வாசலுக்கு வருமுன், வேன் அண்ணனின் செய்தியைக் கடைசி வரியோடு அப்படியே ஏற்ற வேண்டும். அதன் கீழே: "இது போன வாரம் வந்தது. படிக்காமல் நிறுத்திவைத்தது நான். வீடியோவை ஏற்றியதும் நான்." இவ்வளவு போதும், காரணம் எழுதக் கூடாது. பிறகு கீழே இறங்கிப் போய் அவர்களோடு நிற்க வேண்டும்.