செகண்ட் கியர்

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தலைப்பை அறிவித்தார்கள்: 'இறக்கம்'. திங்கள் மாலை ஐந்துக்குள் அதை வைத்து ஒரு கேம் செய்து இணையத்தில் ஏற்ற வேண்டும். கேம் ஜாம் என்று சொல்லப்படும் இந்தப் போட்டியில் பாப்பாரப்பட்டி அமுதவல்லியும் பென்னாகரத்துக் கலைமணியும் சேர்வது இது இரண்டாம் தடவை. தருமபுரியில் ஒரே கல்லூரியில் கணினி படித்த தோழிகள். படம் வரைவது கலைமணி, நிரல் எழுதுவது அமுதவல்லி.

தலைப்பைப் பார்த்ததுமே அமுதவல்லி முடிவு செய்துவிட்டாள். அவளுடைய அப்பா பச்சியப்பன் லாரி ஓட்டியவர். ஐந்து வருடத்துக்கு முன்பு தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் அவருடைய லாரி முன்னால் போன வெள்ளைக் கார் மேல் ஏறியது. காரில் இருந்த கணவன் மனைவி இரண்டு பேரும் அங்கேயே இறந்தார்கள். அப்பாவுக்கு வலது கால் முட்டிக்குக் கீழே நசுங்கியது. பிரேக் பழுதுதான் காரணம் என்று வழக்கு முடிந்தது. அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அம்மா கண்ணம்மாள் தக்காளித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்த்தான் வீடு நடந்தது.

அப்பாவின் முழு வாழ்க்கையையும் கேமில் கொண்டுவர வேண்டும் என்று அவள் நினைத்தாள். ஓசூரில் லோடு ஏற்றுவது, வழியில் சாப்பாட்டுக் கடை, அம்மாவோடு போன் பேச்சு, மழை, விபத்து, ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ஐந்து விதமான முடிவுகள். நோட்டில் பதினொரு பக்கம் எழுதினாள். ஞாயிறு காலை கலைமணி பஸ் பிடித்து வந்து பார்த்தபோது, சாப்பாட்டுக் கடைக்குள் ஒரு ஆள் நடந்துகொண்டிருந்தான். லாரி இன்னும் நகரவே இல்லை.

"ரெண்டு நாள்ல ஒரு கடைதான் கட்டியிருக்கியா?"

"கடையில பேசறது முக்கியம்டி. அவரு யாருன்னு தெரியணும்ல?"

"தெரிஞ்சி என்ன பண்றது? ஆடறதுக்கு ஒண்ணுமே இல்லியே. போன தடவயும் இப்படித்தான் பாதியில நின்னோம்."

கலைமணி நோட்டை வாங்கி ஒவ்வொரு பக்கமாகக் கோடு போட்டு அடித்தாள். ஆஸ்பத்திரி போயிற்று, கோர்ட்டு போயிற்று, அம்மாவும் போனாள். கடைசியில் ஒரு சாலை, ஒரு லாரி, முன்னால் ஒரு வெள்ளைக் கார் மட்டும் மிஞ்சின.

மதியத்துக்குள் லாரி ஓடியது. இறக்கம் தொடங்கிக் கொஞ்ச தூரத்தில் பிரேக் போய்விடும். எப்படி ஓட்டினாலும் கார்மேல் மோதும். கலைமணி ஆறு தடவை ஆடிவிட்டுக் கையை எடுத்தாள்.

"எது பண்ணாலும் மோதுது. அப்ப ஆடறவங்க கையில என்ன இருக்குது?"

"அப்படித்தான நடந்துச்சி."

"நடந்திருக்கலாம். ஆனா இது கேம் இல்ல, வேடிக்க பாக்கறது. தப்பிக்க ஒரு வழி வேணும். கஷ்டமா இருக்கட்டும், ஆனா இருக்கணும்."

அவள் சொல்வது சரி என்று அமுதவல்லிக்குத் தெரிந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் போனாள்.

"அப்பா, அந்த மாதிரி இறக்கத்துல லாரிய எப்படி இறக்கணும்?"

பச்சியப்பன் அவளைப் பார்க்காமலே சொன்னார். "செகண்ட் கியர்ல போட்டுட்டு இஞ்சினே இழுத்துப் புடிக்கணும். பிரேக்க வுட்டு வுட்டுத்தான் தொடணும். மிதிச்சிக்கினே வந்தா சூடேறிடும், அப்பறம் புடிக்காது."

"நியூட்ரல்ல, கியரே போடாம வந்தா?"

அவர் நசுங்கிய காலை நீவிக்கொண்டார். "டீசல் மிச்சம். அவ்ளோதான்" என்றார்.

அவர் சொன்னதையே அமுதவல்லி விதியாக எழுதினாள். நியூட்ரலில் விட்டால் வேகம் கூடும், பிரேக் சூடாகும், பிறகு பிடிக்காது. செகண்ட் கியரில் வந்தால் ஆமை போலத்தான் போகும். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கும். நேரம் குறைந்துகொண்டே வரும். பொறுத்தவர்கள் இறங்கிவிடலாம். இப்போது அது கேம். திங்கள் மாலை நாலே முக்காலுக்கு ஏற்றினார்கள்.

மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போன பிறகு, அப்பாவே கேட்டார். "கண்ணு, அத எனக்குக் காட்டேன்."

லேப்டாப்பை அவர் மடியில் வைத்து எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தாள். லாரி உச்சியைத் தாண்டியது. முதல் வளைவிலேயே அவர் விரல் நியூட்ரலுக்குப் போயிற்று. யோசிக்கவே இல்லை. லாரி கார்மேல் ஏறியது.

இரண்டாம் முறை செகண்ட் கியரில் வைத்தார். ஹாரன் சத்தம் நெருக்கியது. அவர் அசையவில்லை. வளைவு வளைவாக லாரி இறங்கியது. வெள்ளைக் கார் தூரமாகப் போய், கடைசித் திருப்பத்தில் மறைந்தது.

பச்சியப்பன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் நியூட்ரல்லதான் வந்தேன்" என்றார்.

"பிரேக் போச்சின்னு..."

"போச்சி. நான்தான் போக வச்சேன். ஓனரு டீசலுக்குக் கணக்குக் கேப்பாரு. எல்லாரும் அப்படித்தான் இறக்குவோம். போலீஸ்ல சொல்லல. உங்கம்மாகிட்டயும் சொல்லல."

நோட்டில் பதினொரு பக்கம் எழுதியும் அமுதவல்லிக்குத் தெரியாமல் இருந்தது இதுதான்.

சாயங்காலம் அவர் அம்மாவிடமும் சொன்னார். கண்ணம்மாள் கேட்டுவிட்டு, கை கால் கழுவி, அடுப்பைப் பற்ற வைத்தாள். சோறு போட்டாள். அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. விடிந்ததும் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அடுத்த நாளும் அப்படியே.

சனிக்கிழமை முடிவு வந்தது. இருநூறு கேம்களில் ஒன்பதாவது இடம். கலைமணி போனில் கத்தினாள். "மோதற எடம் செமையா இருக்குதுன்னு எத்தன பேரு எழுதியிருக்காங்க, பாத்தியா?" அமுதவல்லி பார்த்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள்.

"எடுத்துடலாமா?" என்றாள் கலைமணி.

"எடுத்தா மட்டும் நடந்தது இல்லன்னு ஆயிடுமா?" என்றாள் அமுதவல்லி. கேம் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பச்சியப்பன் பழைய வழக்குக் காகிதங்களைப் பீரோவிலிருந்து எடுக்கச் சொன்னார். அதில் இறந்த பெண்ணின் அக்கா சசிகலாவின் நம்பர் இருந்தது. சேலத்துக்காரர். அமுதவல்லி வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னாள். அவர் கேட்கவில்லை. அவளே நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தாள்.

தான் யார் என்று சொன்னார். நியூட்ரலில் வந்ததைச் சொன்னார். தன்மேல்தான் தப்பு என்றார். அந்தப் பக்கம் ஒரு குழந்தை ஏதோ கேட்டது. யாரோ அதை உள்ளே கூப்பிடுவது கேட்டது.

"பிரேக்தான் காரணம், யார் மேலயும் தப்பில்லன்னு சொன்னாங்க" என்றது சசிகலாவின் குரல். "அத நம்பித்தாங்க எங்கம்மா கொஞ்சம் கொஞ்சமா எழுந்து நடமாடறாங்க. தங்கச்சி பையன நான்தான் வளக்கறேன். இப்ப அவங்ககிட்டல்லாம் நான் என்ன சொல்றது? உங்களுக்குப் பாரம் எறங்கணும்னா எங்க தலையில வச்சிடுவீங்களா?"

பச்சியப்பன் போனை வாயருகே கொண்டுபோனார்.

"இனிமே போன் பண்ணாதீங்க."

இணைப்பு அறுந்தது. அவர் போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கண்ணம்மாள் வெளியே வந்தாள். அவர் கையிலிருந்து போனை வாங்கி மகளிடம் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள்.