பின்கம்பி இல்லாத படகு

எங்கள் படகுக்குப் பின்கம்பி கிடையாது. மற்ற படகுகளில் பாய்மரம் முன்னால் சாயாமலிருக்க உச்சியிலிருந்து படகின் பின்முனைக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டியிருப்பார்கள். எங்களுடையதில் பக்கக் கம்பிகள் மட்டும்தான். என் வீட்டுக்காரருக்கு அதில் ஒரு பெருமை, எனக்கு எரிச்சல்.

பின்காற்று அடித்தால் முன்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மெல்லிய முன்பாயை விரிப்போம். பக்கத்துப் படகுத் தம்பதி அந்த நேரம் பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, முன்பாயை மட்டும் நம்பி ஹாயாக டீ குடிப்பார்கள். இவரோ பெரிய பாயை இறக்கவே விடமாட்டார். அதன் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பார். அந்தப் பாய் முன்பாய்க்குப் போகிற காற்றில் பாதியை மறைத்துத் தொலைக்கும். சமையல், பாத்திரம், முன்னால் கயிறு மாற்றுவது எல்லாம் என் தலையில்.

"சும்மா உக்காந்தே பொழுதை ஓட்டுறீங்களே" என்பேன்.

"பாய்மரத்தைப் பிடிச்சிட்டிருக்கேன்" என்பார், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

படகு வாங்கிய பதினொரு வருஷமும் இதே பதில். நான் சிரித்துவிட்டு மறுபடி திட்டுவேன். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.

படகை விற்றுவிடு என்று மகள் பிடுங்கி எடுத்தாள். கடைசியில் ஒரு ஒப்பந்தம்: என் துறையிலிருந்து அவள் ஊர்த் துறைவரை ஒருத்தியாக ஓட்டி வந்துவிட்டால் அவள் வாயைத் திறக்கமாட்டாள். ஏதாவது உடைந்தால் விற்றுவிட வேண்டும். அந்தப் படகை விட்டால் எனக்கு வீட்டில் நாலு சுவர்தான் மிச்சம்.

காலையில் கிளம்பினேன், நல்ல பின்காற்று. முன்பாயை விரித்தேன். பெரிய பாயின் மறைவில் அது துவண்டு தொங்கியது. தடுக்கத்தான் ஆளில்லையே என்று பெரிய பாயை இறக்கினேன். முன்பாய் புடைத்துக்கொண்டது, படகு பறந்தது. சுக்கானைத் தானியங்கியிடம் விட்டு டீ போட்டேன். பார்த்தீர்களா என்று சொல்லத் திரும்பினேன். பின்னால் யாரும் இல்லை.

காற்று ஏறியது. தலைக்கு மேலே ஒரு முனகல். நிமிர்ந்தால் பாய்மரம் தூண்டில் கோல் மாதிரி முன்னால் வளைந்திருந்தது. பின்னால் அதை இழுத்துப் பிடிக்க எதுவுமே இல்லை. இத்தனை வருஷமும் பிடித்திருந்தது பெரிய பாயும், அவர் கையில் இறுக்கி வைத்திருந்த அந்தக் கயிறும்தான்.

முன்பாயின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, முன்னால் ஓடி, அதன் உச்சியில் சுருண்டிருக்கும் நீளத் துணி உறையைக் கீழே இழுத்து அதை மூடினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. பெரிய பாயை ஏற்றி, கயிற்றை இறுக்கினேன். மரம் நிமிர்ந்தது, எதுவும் உடையவில்லை. அவருடைய இடத்தில் உட்கார்ந்தேன். பாவி மனுஷன், ஒரு தடவையாவது உட்காரவைத்து விளக்கியிருக்கக் கூடாதா? நானும்தான் ஒரு தடவை கேட்டிருக்கக் கூடாதா? வாய்விட்டு அழுதேன்.

காற்று தணிந்த பிறகு முன்பாயை மறுபடி விரித்தேன். பெரிய பாயை இறக்கவில்லை. துறை கண்ணில் படும்போது மகள் அழைத்தாள். அஞ்சு தடவை கூப்பிட்டாளாம்.

"சும்மாதானே உக்காந்திருக்கே? ஃபோனை எடுத்தா என்னம்மா?"

"பாய்மரத்தைப் பிடிச்சிட்டிருக்கேன்."

"அப்பா மாதிரியே பேசுறே" என்று அவள் சிரித்தாள். நானும் அப்படித்தான் சிரித்தேன், பதினொரு வருஷம்.