மீனுக்குக் காய்ச்சல்

உவரியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மடியில் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு வந்து சேர்ந்த என் அக்கா பிலோமினாவின் கண் முன்னாலேயே, என் மனைவி எப்சி அந்தப் பாரைமீன் துண்டின் நடுவில் தெர்மாமீட்டரைக் குத்தினாள். சனிக்கிழமை மதியம். மைக்ரோவேவ் ஓவனிலிருந்து வெளியே எடுத்த கிண்ணத்தில் ஓரமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்தது. கம்பி போன்ற அந்தக் கருவியின் தலையில் எண்கள் ஏறி, அறுபத்திரண்டில் நின்றன. எப்சி உதட்டைப் பிதுக்கினாள். கிளறி, மூடி, மறுபடி உள்ளே வைத்து ஒரு நிமிஷம் அழுத்தினாள்.

"ஏ எப்சி, மீனுக்கு என்ன காய்ச்சலா?" என்றாள் அக்கா.

"ஓரம் கொதிக்கும், நடு குளுந்தே கெடக்கும் மதினி. இந்த ஓவன் அப்படித்தான் சுடும். நடுவுல எழுபத்தஞ்சு வரணும்."

"விடியக்காலம் நாலு மணிக்கு எந்திச்சு வச்ச கொழம்புளா. கெட்டுப்போன மாதிரில்லா குத்திக் குத்திப் பாக்கே."

எப்சி ஓவனில் இறங்குகிற நொடிக்கணக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் வேதியியல் எடுக்கிறவள். அளவு வந்தால்தான் வாயைத் திறப்பாள். அக்கா என்னைப் பார்த்தாள். நான் உள்ளே கண்ணாடித் தட்டு சுற்றுவதைப் பார்த்தேன். மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவில் வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ள எனக்கென்ன வேண்டுதலா?

இத்தனைக்கும் காரணம் நான்தான். நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். நாற்பத்தெட்டு வயதில் என் சிறுநீரகங்கள் இரண்டும் கையை விரித்துவிட்டன. எப்சி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். அது என் வலது அடிவயிற்றில் இருக்கிறது. வந்தவனை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் காவலையே தூங்கவைத்துவிடும் என்பதால், மற்றவர்களுக்கு ஒரு ஏப்பத்தோடு போகிற கிருமி எனக்கு ஆளையே கொண்டுபோகும். ஆஸ்பத்திரியில் சொன்னதை எல்லாம் எப்சி ஒரு தாளில் எழுதி ஓவனுக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறாள். தின்கிற அளவுக்கு மட்டும் எடுத்துச் சூடாக்க வேண்டும். பாதியில் கிளற வேண்டும். வெளியே எடுத்தபின் இரண்டு நிமிஷம் மூடியே இருக்க வேண்டும். ஒருமுறை சூடாக்கி மிஞ்சியது எனக்கில்லை. எவர்சில்வர் உள்ளே போகக்கூடாது என்பது மட்டும் சிவப்பு மையில் இருக்கும், ஏனென்றால் முதல் வாரமே நான் டம்ளரை வைத்துப் பொறி பறக்கவிட்டேன்.

தாளில் இருப்பதை எல்லாம் மீறி ஒரு காரியம் செய்தேன். உவரிக் கோயில் திருவிழாவுக்குப் போனபோது, அக்கா வீட்டுப் புறவாசலில் நின்றுகொண்டு ஒரு கும்பா பழைய சோற்றை முந்தினநாள் மீன்குழம்போடு அடித்தேன். எங்கள் ஊர்க்காரனுக்கு, வைத்த அன்றைக்கு அது வெறும் குழம்பு. மறுநாள் குளிர்ந்து, மேலே எண்ணெய் ஆடை கட்டி, புளி மீனுக்குள் இறங்கினால்தான் அது மீன்குழம்பு. நான் கேட்டேன், அக்கா ஊற்றினாள். அடுத்த நாள் வயிற்றுப்போக்கு. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். டாக்டர் என்னை விட்டுவிட்டு எப்சியைப் பார்த்து, "இன்னொரு தடவ இப்படி ஆனா இந்தக் கிட்னி தாங்காதும்மா" என்றார். அவள் அழவில்லை. ஆட்டோவில் வரும்போது மட்டும், "உள்ள கெடக்கது எம் பொருள். ஒங்க இஷ்டத்துக்கு ஒண்ணும் போடக்கூடாது," என்றாள். அதிலிருந்து ஆறு மாதமாக நாக்கைச் சுடாத ஒரு கவளம் நான் தின்றதில்லை.

அக்காவும் அதனால்தான் அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. எழுபத்தெட்டு வந்த மீனை நான் ஊதி ஊதித் தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். மிச்சக் குழம்பை எப்சி ஃபிரிட்ஜில் வைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. நான் கத்தோலிக்கன், அவள் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ. குடும்பம். இருபது வருஷமாக ஒரே வாசலில் இறங்கி ஆளுக்கொரு திசையில் கோயிலுக்குப் போகிறோம். அன்றைக்கு அவள் இரண்டாம் ஆராதனைக்குப் போய்க்கொள்வதாகச் சொன்னாள். தெருமுனை தாண்டியபிறகுதான் நான் முகக்கவசம் போடவில்லை என்பது உறைத்தது. திரும்பி வந்து, கதவோரம் ஆணியில் தொங்கியதை எடுத்துக் காதில் மாட்டினேன். அடுக்களையில் கரண்டிச் சத்தம் கேட்டது.

எப்சி மேடையோரம் நின்று தின்றுகொண்டிருந்தாள். பழைய சோறு. தண்ணீரைப் பிழிந்து உருட்டி, தூக்குச்சட்டிக்குள் அப்படியே உறைந்திருந்த குழம்பில் புரட்டி, ஒரு விள்ளல் மீனை மேலே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டாள். கல்யாணமான புதிதில் "ஐயே, நேத்து மீனா" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினவள் இவள். கெஞ்சிக் கூத்தாடி, ஊட்டிவிட்டு, அந்த ருசியை அவளுக்குப் பழக்கியதே நான்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் என்ன, பொறாமைதான்.

"எப்சி."

தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தாள். வாய் நிறையச் சோறு.

"எத்தன நாளா நடக்கு இது?"

பைய மென்று விழுங்கினாள். "மதினி வந்துட்டுப் போன மறுநா மட்டும்."

"எனக்குன்னா எழுபத்தஞ்சு. ஒனக்கு ஒண்ணும் கெடையாது, என்ன?"

"ஒண்ண ஒங்களுக்குக் குடுத்தாச்சு," என்றாள். கோபமில்லாமல், பாடம் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "எங்கிட்ட மிச்சம் இருக்கது ஒண்ணு. அதுக்காவது பிடிச்சதக் குடுக்கக் கூடாதா?"

நான் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூசைக்கு மணி அடித்தது. நான் போகவில்லை என்பதை அவளும் கவனித்தாள். குழம்பு அப்பிய வலது கையை ஒதுக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையாலேயே புதுக் கரண்டி எடுத்து, அடியில் அவள் தொடாமல் இருந்த பக்கத்திலிருந்து ஒரு துண்டு மீன் எடுக்கப்போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, தூக்குச்சட்டியை விட்டுவிட்டு, ஃபிரிட்ஜைத் திறந்து மூடிபோட்ட ஒரு கிண்ணத்தை எடுத்தாள். எனக்கென்று நேற்றே தனியாக எடுத்துவைத்திருக்கிறாள். ஓவனுக்குள் வைத்து இரண்டு நிமிஷம் அழுத்தினாள். தட்டு சுற்ற ஆரம்பித்தது.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தது முகத்தில் தெரிந்தது. "நல்லாருக்கு," என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எனக்கும்தான்.

பிறகு அந்த வலது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க. மோந்து பாக்கதுல கிருமி ஒண்ணும் ஏறாது."

நான் முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கினேன். புளியும் தேங்காயும் ஒருநாள் ஊறின மீனும். அவள் விரல்கள் இன்னும் சில்லென்றிருந்தன. ஓவன் கூவி நின்றது. யாரும் திறக்காததால் சற்றுப் பொறுத்து மறுபடியும் கூவியது. அவள் கையை எடுக்கவில்லை.