இடது கால்

அப்பா பஸ் ஓட்டி ரிட்டயரானவர். மகள் சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக். அப்பாவின் முழங்கால் வலிக்கு இதமாக இருக்கட்டுமென்று, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை அவள்தான் தேடிப் பிடித்து வாங்கிக் கொடுத்தாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவர் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். பின்சீட்டில் அம்மா.

"கியர் மாறும்போதெல்லாம் வண்டி வெட்டி வெட்டிப் போகுது கண்ணு. உங்கம்மா முன்சீட்டுல முட்டிக்கிறா. கியர்பாக்ஸ் போச்சுன்னு நினைக்கிறேன்."

மகள் உடனே பானெட்டைத் திறந்தாள். தான் பார்த்து வாங்கிய வண்டியாயிற்றே! கியர் ஆயிலைத் தொட்டு முகர்ந்து பார்த்தாள். சிவப்பு மாறவில்லை, தீய்ந்த வாடையும் இல்லை. அடியில் படுத்துப் பார்த்தாள்; ஒரு சொட்டுக் கசிவு இல்லை. ஸ்கேனரை மாட்டினாள், அதுவும் எந்தக் குறையும் சொல்லவில்லை. தானே ஒரு சுற்று ஓட்டினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

"உனக்கு மட்டும் நல்லாப் போகுது பாரு," என்று அப்பா அலுத்துக்கொண்டார்.

"அப்ப நீங்க ஓட்டுங்கப்பா. நான் பக்கத்துல உட்கார்றேன்."

தெரு முனை தாண்டி வேகமெடுத்தார். என்ஜின் சத்தம் ஏறியதும் வெடுக்கென்று ஒரு வெட்டு. பின்னால் அம்மா "ஐயோ!" என்றாள். அடுத்த முறை மகள் மீட்டரைப் பார்க்கவில்லை. குனிந்து அப்பாவின் கால்களைப் பார்த்தாள். சத்தம் ஏறின உடனே அவருடைய இடது கால் தன்பாட்டில் எழுந்து, இல்லாத கிளட்ச்சைத் தேடி அமுக்கியது. அகலமான பிரேக்கின் ஓரம்தான் அதற்குக் கிடைத்தது.

பொத்துக்கொண்டு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஆயுசில் ஒரு வண்டியைக்கூட எங்கும் உரசாத மனுஷரிடம் இதை எப்படிச் சொல்வது? ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

"அப்பா, கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. உங்க இடது கால்தான் இன்னும் பஸ் ஓட்டிக்கிட்டு இருக்கு."

அப்பா முறைத்தார். பிறகு குனிந்து காலையே பார்த்தார். மனசு நொந்துவிட்டாரோ என்று மகளுக்குத் திக்கென்றது.

"பாவம்," என்றார் கடைசியில். "நான் ரிட்டயரானதை இதுகிட்ட யாருமே சொல்லலியேம்மா."

அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "நான் சொல்லிக்கிறேன், நீங்க வண்டியை எடுங்க."

மகளை இறக்கிவிட்டுக் கிளம்பினார்கள். வழி நெடுக அம்மா "காலு! காலு!" என்று கூவ, அப்பா "சரிடி, சரிடி" என்று காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே ஓட்டினார்.

சாயங்காலம் அம்மா போன் செய்தாள். குரல் கரகரத்தது.

"கார் சரியாயிடுச்சுடி. என் தொண்டைதான் ரிப்பேர்."